சாப்பாடு சுமையில் சேராது

ஜெர்மனிக்குப் புறப்பட்ட அன்று காலை பெட்டியை வீட்டு எடை மெஷினில் வைத்து நானே பார்த்தேன். சரியாக இருபத்து மூன்று கிலோ. விமான நிலையத்தில் அதே பெட்டி இருபத்தாறு காட்டியது. உங்கள் மெஷின் தப்பு என்று கவுன்டர் பெண்ணிடம் வாதாடினேன். அளவுக் கருவியை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று நாலு வார்த்தை பாடமும் எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

உள்ளே இரண்டு பாட்டில் புளிக்காய்ச்சல், ஒரு கிலோ பருப்புப் பொடி, ஒரு பை முறுக்கு. வாசலில் நின்றிருந்த என் கணவருக்குப் போன் செய்தேன்.

“எடை போட்டப்புறம் எதுக்குங்க உள்ள வெச்சீங்க?”

“அது சாப்பாடுதானே வசந்தி. சாமான்லயா சேரும்?”

மூன்று கிலோவை எடுத்தாக வேண்டும். எடுத்தேன். இரண்டு ஸ்வெட்டர், ஒரு கனத்த கோட்டு. வாசலுக்குக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். ஜனவரி மாத ஜெர்மனியில் புளிக்காய்ச்சலோடும் பருத்திச் சேலையோடும் போய் இறங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இத்தனைக்கும் எடையையும் ஸ்பிரிங்கையும் கட்டிக்கொண்டு இருபது வருடமாக மாரடிப்பவள். ஓசூரில் இருசக்கர வண்டிகளுக்கு ஷாக் அப்சார்பர் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு என்னுடையது. புதிதாக வாங்கும் ஒரு சோதனை இயந்திரத்தைப் பழகிக்கொள்ளத்தான் டார்ம்ஸ்டாட்டுக்கு அனுப்பினார்கள்.

டார்ம்ஸ்டாட்டில் தமிழுக்குப் பஞ்சமில்லை. நம்மூர்ப் பையன்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். டிராமில் பின்னால் உட்கார்ந்து, “வீக்கெண்ட் பிளான் என்னடா, ஹைக்கிங்கா, லாண்டரியா?” என்று பேசிக்கொள்வார்கள். எப்போதும் லாண்டரிதான் ஜெயிக்கும். ஆனால் எனக்கு வாய்த்த தமிழ் வேறு. பயிற்சிக்கூடத்தில் வேலை பார்த்த சிந்து என்ற பெண், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் மூன்று மேசை தள்ளியிருந்து எழுந்து வந்தாள்.

“அன்ரி, உது புளிச்சாதமோ?”

இருபத்து நாலு வயது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஹம் என்ற ஊரில். அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர்கள். ஜெர்மன்காரர்களிடம் பேசும்போது கறாரான பெண்ணாக இருப்பாள், என்னிடம் வந்தால் குழைவாள். பாதிப் புளிசாதத்தைக் காலி செய்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

“அன்ரி, உங்களுக்கு சஸ்பென்ஷன் எல்லாம் தெரியும்தானே? அப்பான்ர ஸ்னோமொபைல் ஒண்டு இருக்கு, பனியில ஓடுற வண்டி. வளைவில திரும்பாது. சனிக்கிழமை அவருக்கு டெர்மின், வண்டியைப் பாக்க ஆக்கள் வருகினம். திரும்பாட்டி எல்லாம் முடிஞ்சுது. ஒருக்கா வந்து பாக்க ஏலுமோ?”

ஸ்னோமொபைலை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. பனியையே அந்த வாரம்தான், ஜன்னல் விளிம்பில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பார்த்திருந்தேன். ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. “ஸ்பிரிங்னா எல்லாம் ஸ்பிரிங்தாம்மா. வரேன்” என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை ரயில். சிந்து முதல் நாளே ஊருக்குப் போய்விட்டதால் தனியாகத்தான் கிளம்பினேன், அவள் கொடுத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு. பாதி வழியில் பசி வந்தது. பெட்டி நிறைய ஆட்கள். மெதுவாக டப்பாவைத் திறந்தேன். ஒலிபெருக்கியில் யாரோ எதையோ சொன்னார்கள். அடுத்த நிமிடம், எதிரே இருந்தவர் எழுந்தார். பக்கத்திலிருந்தவர் எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல், முகம் சுளிக்காமல், பெட்டி முழுவதும் வரிசையாக இறங்கிப் போய்விட்டது.

எனக்கு உடம்பு கூசிப் போயிற்று. நம் ஊர் ரயிலில் டப்பாவைத் திறந்தால் எதிர் சீட்டுக்காரர் தன்னுடைய இட்லியை நீட்டுவார். இங்கே புளிசாத வாசனைக்கு ஒரு பெட்டியே காலி. பெருங்காயத்தைக் குறைத்துப் போட்டிருக்கலாம் என்று நொந்துகொண்டு, மூடிவிடலாமா என்று யோசித்து, ஆள்தான் இல்லையே என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான பெண்மணி பிளாட்பாரத்திலிருந்து ஜன்னலைத் தட்டினார். ஆங்கிலத்தில் சொன்னார்: “இந்த ரயில் இங்கே இரண்டாகப் பிரியும். முன்பாதிதான் ஹம் போகும். பின்பாதி வேறு பக்கம். எல்லாரும் மாறிவிட்டார்களே, நீங்கள் ஏன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?”

திறந்த டப்பாவோடு பிளாட்பாரத்தில் ஓடினேன். முன்பாதி என் கண்ணெதிரே கதவை மூடிக்கொண்டு கிளம்பியது. அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மிச்சப் புளிசாதத்தைப் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண்மணியோடு பங்கு போட்டுக்கொண்டேன். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

ஹம் நிலையத்தில் சிந்துவின் அப்பா பாலா அண்ணன் இன்னொரு கனத்த கோட்டோடு நின்றிருந்தார். ஐம்பத்தாறு வயது, ஒல்லி. மகள் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, நான் வாயைத் திறக்கும் முன்பே கோட்டுக்கு மேல் கோட்டாக மாட்டிவிட்டார். வீட்டில் அவர் மனைவி சறோ அக்கா வாசலிலேயே கேட்டார்: “சாப்பிட்டனீங்களோ?” சாப்பிட்டேன் என்று நிஜத்தைச் சொன்னேன். அது பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. புட்டு வந்தது. கத்தரிக்காய்க் குழம்பு வந்தது. போதும் என்றால் “காணாது, வடிவாச் சாப்பிடுங்கோ” என்று இன்னொரு அகப்பை விழுந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பாலா அண்ணன் தடித்த கோப்பு ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஜெர்மனியில் முப்பது வருடம் இருந்தவர்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடி பத்திரமாக இருப்பது இந்தக் கோப்புகள்தான்.

கதை இதுதான். பாலா அண்ணன் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். முதுகு போயிற்று, வேலையும் போயிற்று. வீட்டில் ஒரு வருடம் சும்மா இருந்து பார்த்தார், முடியவில்லை. தெற்கே மலைப்பக்கம், சறுக்கு விளையாட்டுச் சங்கம் ஒன்றுக்கு ஒரு சின்ன மரக் குடில் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து, பனிக்காலத்தில் காப்பியும் பருப்பு சூப்பும் விற்க ஆரம்பித்தார். பருப்பு சூப்பு என்று பலகையில் எழுதியிருப்பது சறோ அக்காவின் ரசப்பொடி போட்ட பருப்புத்தண்ணி. வெள்ளைக்காரர்கள் மூக்கு ஒழுக ஒழுக வரிசையில் நின்று குடிக்கிறார்களாம்.

குடிலுக்குச் சாலை கிடையாது. சரக்கை ஸ்னோமொபைலில்தான் ஏற்ற வேண்டும். இந்த நாட்டில் அதை ஆசைக்கெல்லாம் ஓட்ட முடியாது, இப்படி ஏதாவது காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். குடிலுக்குப் போகும் பாதையை ஒட்டியே லொய்ப்பே போகிறது. சறுக்குக் கட்டைகள் ஓடுவதற்காகப் பனியில் இரண்டு வாய்க்கால் மாதிரி அழுத்தி வைத்திருக்கும் தடம் அது. கோலத்தை மிதித்தால் நம் வீட்டில் விழும் திட்டைவிட அதை மிதித்தால் அங்கே அதிகம் விழும்.

“போன மாசம் ரெண்டு தரம் உழுது போட்டன், தங்கச்சி” என்றார் பாலா அண்ணன். “ஹாண்டிலைத் திருப்பிறன். அது தன்ர பாட்டுக்கு நேரா லொய்ப்பேக்குள்ள போகுது. சனிக்கிழமை சங்கத்துக்காரர் வந்து பாக்கினம். சாமானோட ஏறி, லொய்ப்பேயில படாமல் குடிலுக்குப் போனால் கையெழுத்து. இல்லாட்டி குத்தகை வேற ஆளுக்கு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “திரும்ப வீட்டில இருக்க என்னால ஏலாது” என்றார். சறோ அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

ஸ்பிரிங்னா எல்லாம் ஸ்பிரிங் என்று சொல்லிவிட்டு வந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை மலைக்குப் போனோம். அடிவாரத்தில் ஒரு பழைய கொட்டில். அதற்குள் வண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, அடியில் நீளமாக ஒரு ரப்பர் பட்டை, நடுவில் சீட்டு, பின்னால் சாமான் பெட்டி. நான் அதை ஒருமுறை சுற்றி வந்து, குனிந்து பார்த்து, நிபுணர் குரலில் கேட்டேன்: “சக்கரம் எங்கங்க?”

பாலா அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். “சக்கரம் இல்லை, தங்கச்சி. பட்டைதான்” என்றார் பணிவாக. “அது தெரியுதுங்க” என்றேன்.

ஆனால் அடியில் படுத்துப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஸ்பிரிங் எல்லா நாட்டிலும் ஸ்பிரிங்தான். சறோ அக்காவின் தையல் டேப்பை வாங்கினேன். வண்டியின் பின்பக்கக் கம்பியைத் தூக்கிப் பிடித்து, தரையிலிருந்து ஓர் அளவு. பாலா அண்ணனைக் கோட்டு, பூட்ஸ், தலைக்கவசத்தோடு ஏற்றி, பெட்டியில் பத்துக் கிலோ அரிசிப் பை ஆறு அடுக்கி, இன்னோர் அளவு. ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன். தினமும் மேலே போகும் சரக்கு அறுபது கிலோ என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். இந்த இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்கள் தொழிலில் ஜாதகம். பாலா அண்ணனின் வண்டிக்கு ஜாதகமே சரியில்லை. சுமை ஏறியதும் பின்பக்கம் குளத்தில் எருமை உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

மொபெட்டின் பின்னால் மூன்று தண்ணீர் கேன் கட்டிப் போகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி கேட்காது. இங்கேயும் அதே கதைதான். சறுக்குக் கட்டையில் எடை இல்லை, அதனால் அது பனியைப் பிடிக்கவில்லை. பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் கட்டையை மூன்று விதமாகத் திருப்பி வைக்கலாம். இவர் வண்டியில் ஒல்லி ஆள் ஒருவர் மட்டும் போவதற்கான மிக மெத்தென்ற நிலையில் இருந்தது. போதாததற்கு, பட்டையின் முன்பக்கத்தை மேலே இழுத்துப் பிடிக்கும் ஒரு வார் உண்டு. அது கடைசித் துளை வரை தளர்ந்து கிடந்தது.

“யாருங்க இதத் தளர்த்துனது?”

“நான்தான். ஏற்றத்தில பட்டை வழுக்கிச்சுது. வாரைத் தளர்த்தினா நல்லாப் பிடிக்கும் எண்டு ஒரு வீடியோவில சொன்னவங்கள்.”

வீடியோக்காரன் பொய் சொல்லவில்லை. வாரைத் தளர்த்தினால் எடை பின்னால் போய்ப் பட்டை நன்றாகக் கவ்வும், ஏற்றம் சுகம். ஆனால் முன்னால் கட்டைகள் மிதக்கும், வளைவு போச்சு. வாரை இறுக்கினால் வளைவு சுகம், ஏற்றத்தில் பட்டை சும்மா சுற்றும். அது வரை அவன் சொல்லியிருக்க மாட்டான்.

சறுக்குக் கட்டையின் அடியில் பனியைக் கீறிப் பிடிப்பதற்கு ஒரு இரும்புப் பட்டை உண்டு. அது தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. புதிது வாங்க வேண்டும் என்றேன். பாலா அண்ணன் அலமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தம் புதிய ஜோடியை எடுத்தார். ஒரு வருடம் முன்பே வாங்கியதாம்.

“ஏன் போடல?”

“புதுசெல்லோ. போட்டால் தேஞ்சு போயிடும்.”

என் வீட்டில் டிவி ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கிறது.

புது இரும்பைப் போட்டோம். பின் கட்டையை நடு நிலைக்குத் திருப்பினோம். வாரை இரண்டு துளை இறுக்கினேன். வண்டி சமதளத்தில் அழகாகத் திரும்பியது. ஏற்றத்தில் விட்டார், பட்டை ஒரே இடத்தில் சுற்றிக் குழி தோண்டியது. ஒரு துளை தளர்த்தினேன். ஏறவும் செய்தது, திரும்பவும் செய்தது, இரண்டையும் கொஞ்சம் முனகிக்கொண்டே. ஒரே வீட்டில் இரண்டு பேரையும் திருப்திப்படுத்தப் பார்த்தால் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

நானும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து ஏறினேன். ஆக்சிலேட்டரில் கட்டை விரலால் ஒரு சின்ன அழுத்து. வண்டி போய்விட்டது, நான் போகவில்லை. இடுப்பு வரை பனிக்குள் நின்றுகொண்டிருந்த என்னை அப்பாவும் மகளும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள். பனி மெத்தென்று இருக்கும் என்று சொன்னவனைப் பார்த்தால் நாலு கேட்க வேண்டும்.

மாலை நாலு மணிக்குள் பாலா அண்ணன் ஆறு முறை மேலே போய் வந்துவிட்டார். ஒரு முறைகூட லொய்ப்பே பக்கம் சாயவில்லை. எங்கள் ஆலையில் செட்டிங் முடிந்ததும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போடுவோம். இங்கே சிந்துவின் நகப்பூச்சை வாங்கி, வாரின் துளையிலும் பின் கட்டையின் முனையிலும் சிவப்பாகப் பொட்டு வைத்தேன். “இனி யாரும் கை வைக்கக் கூடாதுங்க. நாளைக்குச் சரியா அறுபது கிலோ. ஒரு கிலோ கூடக் கூடாது” என்றேன். பாலா அண்ணன் தலையாட்டினார். சறோ அக்காவும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவர் மாதிரி இருந்தவர் ஹெர் புருன்ஸ். கையில் கோப்பு, சட்டைப் பையில் மடக்கு அளவுகோல், முகத்தில் சிரிப்பு என்ற பொருளே கிடையாது. இது யார் என்று என்னைக் காட்டிக் கேட்டார். சிந்து கூசாமல் சொன்னாள்: “இந்தியாவிலிருந்து இதற்காகவே வந்த சஸ்பென்ஷன் நிபுணர்.” மூன்று பேரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

அப்போது வண்டியைப் பார்த்தேன். பின்பக்கம் நேற்றைவிட இரண்டு விரல் தாழ்ந்திருந்தது போலத் தோன்றியது. அடியில் பனி இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டேப்பை எடுத்து ஒருமுறை அளந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் இந்தியாவிலிருந்து இதற்காகவே வந்த நிபுணர், மூன்று ஜெர்மன்காரர்கள் முன்னால் கடைசி நிமிடத்தில் குனிந்து அளந்தால் என்ன நினைப்பார்கள்? அளக்காமலே நின்றேன். அது என் தப்பு, வேறு யாருடையதும் இல்லை.

பாலா அண்ணன் கிளப்பினார். ஏற்றத்தில் ஜோராக ஏறியது. முதல் வளைவு வந்தது. ஹாண்டிலைத் திருப்புவது தெரிந்தது. சறுக்குக் கட்டைகளும் திரும்பின. வண்டி மட்டும் திரும்பவில்லை. நேராக, அமைதியாக, லொய்ப்பேயைப் பார்த்துப் போனது. பாலா அண்ணன் பிரேக்கை நெரித்துப் பிடித்து நிறுத்தினார். சறோ அக்கா “ஐயோ” என்று கத்தியது மலை முழுவதும் கேட்டிருக்கும்.

நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது ஹெர் புருன்ஸ் மடக்கு அளவுகோலை விரித்து, கட்டை நுனிக்கும் தடத்துக்கும் நடுவே வைத்திருந்தார். சிந்து மொழிபெயர்த்தாள்: “முப்பத்தெட்டு சென்டிமீட்டர். தொடவில்லை. ஆனால் திரும்பவும் இல்லை.” ஹெர் புருன்ஸ் பேனா மூடியைத் திறந்தார். பாலா அண்ணன் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஹாண்டிலைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நேராகப் போய்ச் சாமான் பெட்டியைத் திறந்தேன்.

அரிசிப் பை எடைக்குச் சரியாகப் பாலும் மாவும் தண்ணீரும் அடுக்கியிருந்தது. அதன் மேல் ஒரு பானை நிறையப் புட்டு, ஒரு சட்டி கோழிக்கறி, ஒரு டப்பா சம்பல், துணி போர்த்திய தட்டுகளில் கறி அடைத்துச் சுருட்டிப் பொரித்த எண்பது ரோல்ஸ், இரண்டு பெரிய பிளாஸ்க் பால்தேத்தண்ணி. இருபது கிலோவுக்குக் குறையாது, அதுவும் எல்லாம் கடைசிக் கோடியில்.

“அக்கா! அறுபது கிலோன்னு சொன்னேனே!”

சறோ அக்கா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “அறுபதுதானே. நானே நிறுத்தனான். இது சாப்பாடெல்லோ. இது எப்பிடிச் சுமையில சேரும்? மூண்டு பேர் வீடு தேடி வருகினம், வெறும் வயித்தோட விடுறதோ?”

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். விமான நிலையத்தில் இரண்டு ஸ்வெட்டரோடும் ஒரு கோட்டோடும் நின்றிருந்த என் கணவர் ஞாபகம் வந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

சிந்து ஹெர் புருன்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார். “எழுதிக் கொடுத்த சுமை அறுபது. இப்போது இருப்பது அறுபது அல்ல. ஆகவே இந்தச் சோதனை சோதனையே அல்ல” என்றார். “கூடுதல் சுமையை இறக்குங்கள். இன்னொரு முறை மட்டும். ஆனால் தரையில் எதையும் வைக்காதீர்கள், நரி வரும்.”

கீழே கொட்டிலுக்குத் தூக்கிப் போகலாம் என்றேன் நான். சறோ அக்கா அதற்குள் காகிதத் தட்டுகளை விநியோகிக்க ஆரம்பித்திருந்தார். “கீழ கொண்டுபோய்ச் சூடு ஆறவிடுறதோ? வயித்துக்க இறக்குங்கோ!”

அன்று ஜெர்மானிய மலையொன்றில், முழங்கால் பனியில் நின்று, புட்டும் கோழிக்கறியும் சாப்பிட்டோம். வாசனை பிடித்து லொய்ப்பேயில் வந்த சறுக்குக்காரர்கள் நின்றார்கள். பருப்பு சூப்பு வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேர், கட்டைகளைக் கழற்றாமலேயே தட்டு வாங்கினார்கள். ஹெர் புருன்ஸ், தான் பணியில் இருப்பதாகச் சொல்லி மறுத்தார். சறோ அக்கா ஒரு ரோலை அவர் மூக்குக்கு நேராக நீட்டிப் பிடித்தபடியே நின்றார். “சுமையைக் குறைப்பதற்காக மட்டும்” என்று வாங்கிக்கொண்டார். சுமையைக் குறைக்க அவர் ஏழு முறை உதவியதை நான் எண்ணினேன்.

சறோ அக்கா ஒரு தட்டைக் கணவரிடம் நீட்டியபோது நான்தான் நடுவில் புகுந்து பிடுங்கினேன். “அண்ணா சாப்பிடக் கூடாது! செட்டிங் அவர் எடைக்குப் போட்டதுங்க!” ஒரு தட்டு புட்டினால் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் அன்று எதையும் நம்புகிற நிலையில் நான் இல்லை. பாவம் மனிதர், பதற்றத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடி எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். “அண்ணா, ஒரு உண்மை சொல்லிர்றேன். இந்த வண்டிய நேத்துதான் மொதமொதல்ல பாத்தேன். தெரியும்னு சும்மா சொல்லிட்டு வந்துட்டேன். தப்பாயிருந்தா மன்னிச்சிருங்க.”

“தெரியும், தங்கச்சி” என்றார் அவர். “சக்கரம் எங்க எண்டு கேக்கேக்கையே விளங்கிச்சுது.”

“அப்புறம் ஏன் விட்டீங்க?”

“டேப்பை வைச்சு மூண்டு தரம் அளந்தனீங்கள். தெரிஞ்சவை ஒரு தரம்தான் அளப்பினம். பயந்தவைதான் மூண்டு தரம் அளப்பினம். எனக்குப் பயந்த ஆள்தான் வேணும்.”

பானையும் சட்டியும் தட்டும் காலியானதும், சிந்து அவற்றைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். நான் எல்லார் முன்னாலும் பனியில் மண்டியிட்டு, தையல் டேப்பை விரித்து அளந்தேன். மூன்று முறை. வெள்ளிக்கிழமை அளவு அப்படியே வந்தது. நகப்பூச்சுப் பொட்டும் அதனதன் இடத்தில் இருந்தது. வண்டியைக் கீழே கொண்டுபோய்த் திருப்பி நிறுத்தினோம்.

மறுபடி கிளப்பினார். சறோ அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏற்றம், பட்டை கவ்வியது. வளைவு. ஹாண்டில் திரும்பியது, கட்டைகள் திரும்பின. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாருக்கும் வேண்டிக்கொண்டேன். பிறகு இரும்பு பனியைக் கீறும் சத்தம் கேட்டது. வண்டி மூக்கைத் திருப்பி, லொய்ப்பேக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் பாதையில் ஏறியது. இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு. மரங்களுக்கு நடுவே மறைந்தது. மேலே குடிலின் மணியை அவர் அடித்த சத்தம் வந்தபோதுதான் சறோ அக்கா என் கையை விட்டார். நகம் பதிந்த தடம் இருந்தது. அழுகை வந்தது எனக்கு, அழுதேன்.

எல்லாரும் குடிலுக்கு நடந்து போனோம். ஹெர் புருன்ஸ் கவுன்டர் பலகையில் கோப்பை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஏதோ யோசித்து, கையெழுத்துக்கு மேலே ஒரு வரி தன் கையால் எழுதினார். சிந்து வாசித்துவிட்டுச் சிரித்தாள். “அதிகபட்சச் சுமை அறுபது கிலோ. உணவும் சுமையில் சேரும்.”

பாலா அண்ணன் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து மெல்லக் கேட்டார்: “எனக்கு ஏதும் மிச்சம் இருக்கோ?”

சறோ அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வழியில் போனவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தாயிற்று, வண்டி ஓட்டியவருக்கு ஒன்றும் இல்லை. “எண்பது ரோல்ஸ் சுட்டனான்…” என்று இழுத்தார்.

சிந்து ஹெர் புருன்ஸுக்கு எதையும் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கோட்டின் உள்பையின் ஜிப்பைத் திறந்து, காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து பாலா அண்ணன் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு ரோல். கொஞ்சம் நசுங்கியிருந்தது. பாலா அண்ணன் அதை இரண்டே கடியில் முடித்தார்.

அவருக்கென்று எடுத்து வைத்ததா, வீட்டுக்குக் கொண்டுபோக ஒளித்து வைத்ததா, யாரும் கேட்கவில்லை. பையில் வைத்தபோது ஹெர் புருன்ஸ் அதை எந்தச் சுமையில் சேர்த்தார் என்று கேட்க மட்டும் எனக்கு வாய் வரை வந்தது. கையெழுத்து இன்னும் காயாததால் கேட்கவில்லை.